மார்க்கெட்டில் தொங்கிய சான்றிதழ்

பி.பார்ம் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் யாரும் என்னை நன்றாக இருக்கிறாயா என்று விசாரித்ததில்லை. "அப்போ எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்றுதான் விசாரித்தார்கள். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆளுக்கு ஓர் ஊர்த் தமிழ். தஞ்சாவூர் மாமி ஒரு விதமாகக் கேட்பார், கோயம்புத்தூர்க்காரர் ஒரு விதமாகக் கேட்பார். கேள்வி மட்டும் ஒன்றுதான்.

"கிடைக்கலை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் லிஃப்ட் மேலே வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும். அப்பா முடிய விடமாட்டார். "டாக்டரு மருந்த எழுதத்தான செய்வாரு? அதை உண்டாக்குறவன் யாரு? அந்தப் படிப்பத்தான் இவ படிக்கா" என்று ஆரம்பிப்பார். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மத்திய அரசு வேலைக்கு டெல்லி வந்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் ஆகியும் அவருடைய இந்தி கோவில்பட்டி வழியாகத்தான் வரும். அந்த இந்தியிலும் என் படிப்பின் பெருமையைப் பால்காரர், வாட்ச்மேன் என்று ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தார். என் படிப்பைப் பற்றி என் பேராசிரியர்களுக்கே தெரியாத விஷயங்கள் எங்கள் வாட்ச்மேனுக்குத் தெரியும்.

கல்லூரியில் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் டாக்டராகப் போகிற வழியில் இறக்கிவிடப்பட்டவர்கள். முதல் வருஷம் எல்லோரும் "அடுத்த வருஷம் மறுபடி எழுதுவேன்" என்று சொல்லிக்கொண்டு, நிரந்தரமாக உட்காராமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் வருஷம் அந்தப் பேச்சு குறைந்தது. மூன்றாம் வருஷத்தில் "பார்மஸிக்குத்தான் இப்போ ஸ்கோப்" என்று ஜூனியர்களுக்கு நாங்களே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். நான் செய்த முதல் மாத்திரை விரலால் எடுத்ததுமே மாவாக உதிர்ந்தது. முதல் சிரப் பாட்டிலுக்கு அடியில் கற்கண்டாக உறைந்தது. களிம்பு மட்டும் நன்றாக வந்தது. அம்மா அதைக் குதிகால் வெடிப்புக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "வாடைதான் ஆகாது, மத்தபடி பரவால்ல" என்று மார்க் போட்டாள்.

கடைசி வருஷம் ஒரு பேராசிரியர் கரும்பலகையில் எங்கள் எதிர்காலத்தை மரம் மாதிரி வரைந்தார். ஒரு கிளையில் தொழிற்சாலை: ஹிமாச்சல் மலையடிவாரத்தில் மாத்திரை பிழியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கலாம். ஒரு கிளையில் மெடிக்கல் ரெப்: டை கட்டிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் நிற்கலாம். புது மருந்துக்கு அனுமதி வாங்கும் காகித வேலை, மருந்துப் பரிசோதனை, ஆஸ்பத்திரி மருந்தகம், ஆசிரியர் வேலை என்று கிளைகள் போய்க்கொண்டே இருந்தன. உச்சியில் டிரக் இன்ஸ்பெக்டர், மருந்துக் கடைகளைச் சோதனை போடும் அதிகாரி. அரசாங்க உத்தியோகம். பின்வரிசையில் ஒருவன், "சார், மெடிக்கல் ஷாப்?" என்றான். பேராசிரியருக்கு வந்த கோபத்தைப் பார்த்தால், அவன் அவருடைய அம்மாவைத் திட்டிவிட்டானோ என்று நினைக்கத் தோன்றும். "அதுக்கு நாலு வருஷம் எதுக்கு?" என்றார்.

மரத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். உச்சியைத் தவிர வேறெதுவும் அவர் காதில் விழவில்லை. ஆனால் டிரக் இன்ஸ்பெக்டர் பரீட்சை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காத்திருக்கும் நேரத்துக்கு இருக்கட்டும் என்று நொய்டாவில் ஒரு வேலையில் சேர்ந்தேன்.

அந்த வேலையை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒரு நாட்டில் ஒரு மாத்திரை சாப்பிட்டிருப்பார். மறுநாள் அவருக்குக் காது இரைந்திருக்கும். அது டாக்டர், கம்பெனி என்று சுற்றிக்கொண்டு நொய்டாவில் என் மேஜைக்கு வரும். எப்போது இரைந்தது, எத்தனை நாள், மாத்திரையை நிறுத்தியதும் நின்றதா என்று ஒன்று விடாமல் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு எழுத்துத் தவறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அது புகார்ப் பிரிவு" என்றார். அரசாங்கத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு என்பதால் அவருக்குத் திருப்தி.

இதற்கு நடுவில் என் பதிவுச் சான்றிதழ் வந்தது. பட்டம் வாங்கினால் மட்டும் போதாது. மருந்தாளுநராகப் பதிவு செய்துகொண்டால்தான் ஒரு மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ சட்டப்படி மருந்து எடுத்துக் கொடுக்க முடியும். அரசாங்க முத்திரை, பதிவு எண், என் புகைப்படம் எல்லாம் அதில் இருந்தன. கண்ணை மூடாதே என்று ஸ்டூடியோக்காரர் மிரட்டியதில், புகைப்படத்தில் நான் எதையோ பார்த்துப் பயந்த மாதிரி இருப்பேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை வேறு. அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் மாட்டினார்.

ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கண்ணாடி உடைந்துவிட்டதா என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் அடுப்பைத் துடைக்கப் போனாள். அவள் அடுப்பைத் துடைக்கப் போனால் அப்பா ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

"மார்க்கெட்ல மாட்டியிருக்கு" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எங்கள் சொசைட்டியை ஒட்டி ஒரு சின்ன மார்க்கெட். அதில் ஒரு மருந்துக் கடை. டெல்லியில் அதைக் கெமிஸ்ட் என்பார்கள். கடைக்காரர் பஞ்சாபி, அப்பாவின் காலை நடைத் தோழர். அவர் கடையில் இருந்த மருந்தாளுநர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பதிவு பெற்ற ஒருவரின் சான்றிதழைக் காட்டாவிட்டால் கடை உரிமம் போய்விடும். பூங்காவை மூன்றாவது சுற்றுச் சுற்றும்போது அவர் இதைச் சொல்லி வருத்தப்பட, நான்காவது சுற்றில் அப்பா என்னைத் தாரை வார்த்துவிட்டார்.

"நான் கையெழுத்துப் போடாமல் எப்படி மாட்டினார்கள்?" என்று கேட்டேன்.

"நீதான போட்ட" என்றார்.

போட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு காலை, கீழே ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது, அப்பா நான்கைந்து தாள்களை நீட்டினார். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் அவசரமுமாக, செருப்பு அலமாரி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். சொசைட்டி விவகாரம் என்று நினைத்தேன். கண் காணாத தேசத்துக்காரர் காது இரைச்சலை வரி வரியாகப் படிக்கிறவள், தினமும் அந்தக் கடையில் முழு நேரம் இருந்து மருந்து விற்பனையைக் கவனித்துக்கொள்வேன் என்று எழுதியிருந்த தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு வார்த்தை திட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. சட்டப் பாடத்தில் நான் நல்ல மார்க். மருந்தாளுநர் நேரில் இல்லாமல் அவர் பேரில் கடை நடந்தால் பதிவையே ரத்து செய்யலாம். பதிவு போனால் நான் படித்த நாலு வருஷமும் அம்மாவின் குதிகால் களிம்போடு சரி. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன்.

"டெல்லி பூரா இப்படித்தான்ட்டி நடக்கு. ஒரு மாசந்தான் கேட்டிருக்காரு. ரூவா குடுக்கேன்னாரு, வேண்டாம்னுட்டேன்" என்றார். பிறகு உண்மையான காரணம் வந்தது. "இங்க மாட்டி வச்சா யாரு பாக்கா? பல்லிதான் பாக்கும். அங்கன்னா நாலு பேரு பாப்பாவல்லா."

டெல்லி பூரா இப்படித்தான் என்பதாவது பொய்யாக இருக்கும் என்று நினைத்து, கூடப் படித்த ஒருவனுக்கு போன் செய்தேன். அவன் ராஜஸ்தானில் மெடிக்கல் ரெப்பாக அலைந்துகொண்டிருந்தான். அவன் சான்றிதழ் ஜனக்புரியில் ஒரு கடையில் தொங்குகிறதாம். வகுப்பில் பாதிப் பேருடையது அப்படித்தான், வாடகைக்குப் போயிருக்கிறதாம். "உனக்கு மாசம் என்ன தர்றாங்க?" என்றான். ஒன்றும் இல்லை என்றேன். அவன் மிகவும் பரிவாக, "வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?" என்று கேட்டான்.

ஒரு மாசம் மூன்று மாசம் ஆனது. நான் கேட்கும்போதெல்லாம் கடைக்காரர், "பஸ், பேட்டா, அவ்வளவுதான் மகளே, புது ஆள் வந்துகொண்டே இருக்கிறான்" என்பார். எந்த வண்டியில் வருகிறானோ தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலாவது போய் உட்காருவது என்று நானாக முடிவு செய்தேன். பேருக்காவது அங்கே இருந்தேன் என்று இருக்கட்டும் என்ற பயம் பாதி, அப்பாவையும் கடைக்காரரையும் உறுத்த வேண்டும் என்ற வீம்பு பாதி. இரண்டு பேருமே உறுத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "டாக்டர் சாஹிபா" என்று இஞ்சி டீ வரவழைத்தார். அப்பா யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து, சுவரில் இருந்த என்னையும் ஸ்டூலில் இருந்த என்னையும் மாறி மாறிக் காட்டிவிட்டுப் போனார்.

கடைக்காரர் கெட்டவர் இல்லை. அந்த மார்க்கெட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுக் குழந்தைக்கு இழுப்பு என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் மருந்துச் சீட்டு என்ற ஒன்று இருப்பதை அவரும் மறந்துவிட்டார், வாடிக்கையாளர்களும் மறந்துவிட்டார்கள். பாதிப் பேர் காலி அட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மீதிப் பேர், "அந்த ரோஸ் கலர், சின்னது" என்பார்கள். அவரும் சரியாக அந்த ரோஸை எடுத்துக் கொடுத்துவிடுவார். எங்கள் மூன்றாம் மாடிக்காரம்மா ஐந்து நாள் சாப்பிட வேண்டிய கிருமிக்கொல்லி மாத்திரையில் மூன்றே மூன்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். கூடவே வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டேன். அந்தக் கடையில் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போல. தன் வயதைக் கேட்டுவிட்ட மாதிரி அந்தம்மா கடைக்காரரைப் பார்த்தார்.

போகப் போகப் பழகினார்கள். தமிழ்க்காரர்களுக்கு அட்டை மேல் காலை, இரவு என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். "பசங்களுக்குத் தமிழ் படிக்க வராதும்மா, இங்கிலீஷ்லயும் எழுதிடு" என்பார்கள். அதையும் எழுதினேன். ஆபீஸில் வராத ஒரு நிறைவு அந்த ஸ்டூலில் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது வாரத்தில் ஒரு நாள். மற்ற ஆறு நாளும் சுவரில் பயந்த முகத்தோடு நான் பார்த்துக்கொண்டிருக்க, கடைக்காரர் ரோஸையும் வெள்ளையையும் விற்றுக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையைக் காட்டி என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அம்மா போன் செய்தாள். "ஒங்க அப்பா மார்க்கெட்ல மாட்டிக்கிட்டாவ. ஜல்தி வா."

மெட்ரோ பிடித்து ஓடினேன். நான் போய்ச் சேருவதற்கு முன் நடந்ததை, கறிவேப்பிலை வாங்கப் போயிருந்த அம்மா பின்னால் சொன்னாள். டிரக் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறாள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்துவிட்டு, இவர் எங்கே என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் கண்ணிமைக்காமல், "டீ குடிக்கப் போயிருக்கிறார்" என்றிருக்கிறார். அப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் தன் மகள் டீ குடிக்கப் போய்விட்டாள் என்று ஒரு அரசாங்க அதிகாரியிடம் சொல்வதை அவரால் தாங்க முடியவில்லை. "அப்படிப்பட்ட பெண் இல்லை அவள்" என்று தன் கோவில்பட்டி இந்தியில் குறுக்கே புகுந்து, நான் நொய்டாவில் எவ்வளவு பெரிய கம்பெனியில் இருக்கிறேன், எத்தனை நாட்டுக்காரர்களின் புகார்களைப் பார்க்கிறேன், காலை எத்தனை மணிக்கு வண்டி வருகிறது, சாயங்காலம் எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுகிறது என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவள் நிதானமாக எழுதிக்கொண்டாளாம். எழுத எழுத அப்பாவுக்கு உற்சாகம் கூடியதாம்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இங்கே வருவது உண்டா?" என்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை வருவேன்."

"மற்ற நாள் இந்தப் பக்கம் யாருக்கும் உடம்புக்கு வராதோ?" என்று கேட்டுவிட்டு, பில் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்துகளைப் பென்சிலால் சுழித்துக்கொண்டே வந்தாள். ஒரு வலி மாத்திரை திரும்பத் திரும்ப வந்தது. ஒரு அட்டை, அடுத்த வாரம் இரண்டு அட்டை, மறுபடி இரண்டு அட்டை. டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வாங்கியவர் என்ற இடத்தில் ஒரே வீட்டு எண். அவள் அந்த எண்ணை உரக்கப் படித்து, யார் இது என்றாள்.

எங்கள் வீட்டு எண்.

அம்மாவைப் பார்த்தேன். தான் இல்லை என்று தலையாட்டினாள். அப்பா, எதிர் அலமாரியில் இருந்த தெர்மாமீட்டர் பெட்டியை விலைக்கு வாங்கப் போகிறவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தேதிகளைப் பார்த்தேன். முதல் பில், என் சான்றிதழ் அங்கே போன மூன்றாம் நாள். ஒன்றுகூட ஞாயிற்றுக்கிழமை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டிலிருந்து மாத்திரைகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். முட்டி வலி. அரசாங்க டிஸ்பென்சரி டாக்டரிடம் சொன்னால் நடையைக் குறைக்கச் சொல்லுவார், பூங்கா போய்விடும், பூங்கா போனால் என் பெருமையை யாரிடம் சொல்வது என்ற கவலை. கடைக்காரரிடம் சொன்னார். அவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வலி விட்டது. தினம் இரண்டு வேளை, மூன்று மாசமாக. கூடவே ரத்த அழுத்தத்துக்கு டிஸ்பென்சரியில் கொடுக்கும் மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்பது எங்களுக்கு இரண்டாம் வருஷப் பாடம். அவர் சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். கணுக்காலில் சாக்ஸின் பட்டி பள்ளமாகப் பதிந்திருந்தது. அழுத்தினால் என் விரலும் பதிந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அம்மா அப்பாவைத் திட்டிக்கொண்டே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் கூடியிருந்தது. டாக்டர் வலி மாத்திரையை அன்றே நிறுத்தினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அடுத்தடுத்த பரிசோதனைகளில் எண் மெல்ல இறங்கியது. இப்போது நடை உண்டு, இரண்டு சுற்றோடு சரி.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கடையைக் கொஞ்ச நாள் மூடி வைத்தார்கள். வந்துகொண்டே இருந்த புது ஆள் உண்மையாகவே வந்து, இப்போது கவுண்டரில் நிற்கிறார். என்னை எச்சரிக்கையோடு விட்டார்கள். நொய்டா வேலையை விட்டுவிட்டு ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சேர்ந்துவிட்டேன். நாள் பூரா நின்றுகொண்டு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதுதான் வேலை. அப்பா வெளியே, "மக ஆஸ்பத்திரியில இருக்கா" என்று மட்டும் சொல்கிறார். கேட்பவர்கள் பதறிப்போய் எந்த வார்டு என்று விசாரிக்கிறார்கள்.

ஆனால் எச்சரிக்கையோடு விடுவார்கள் என்பது, இன்ஸ்பெக்டர் வந்துபோன அடுத்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்குத் தெரியாது. பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது. அதற்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கக் கடிதம் என்றால் அப்பாவுக்குத் தனித் தெம்பு. உத்தியோக காலம் முழுக்க இப்படிப்பட்ட கடிதங்களை எழுதியும் எழுதவைத்தும் பழகியவர். சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பி, இரண்டு மணி நேரத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரு வரைவு தயாரித்துவிட்டார். ஆபீஸ் ஆங்கிலத்தில் அப்படியே தேர் மாதிரி நகர்ந்தது. அதில் யாரும் எதையும் செய்யவில்லை. எல்லாம் தானாக நேர்ந்திருந்தது. என் சான்றிதழ் தானே ஆணியிலிருந்து இறங்கி, மார்க்கெட்டுக்கு நடந்து போய், அங்கே ஏறிக்கொண்ட மாதிரி இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன்.

"சிரிக்காதட்டி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லன்னா ஒங் கையெழுத்த நாந்தான் போட்டேன்னு எழுதிருதேன். எனக்கென்ன, ரிட்டயர்டு ஆளு. ஒம் பதிவு பொழச்சிரும்" என்றார்.

வேண்டாம் என்றேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான், தெரிந்த பிறகும் மூன்று மாசம் விட்டு வைத்ததும் நான், அப்படியே எழுதலாம் என்றேன். நாலு வரி போதும். அவருக்கு மூன்று பக்கம் நாலு வரியாவதில் மிகுந்த வருத்தம். "சரி, கடைசிப் பாராவையாவது வச்சுக்கோ. அதுலதான் கேஸே நிக்கி" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு எனக்குப் புரியாதோ என்னவோ என்று தமிழில்: "மேற்படி காலத்தில் மருந்தாளுநர் நேரில் இல்லாமையால் பொதுமக்களில் எவருக்கும் எவ்விதப் பாதிப்பும் ஏற்படவில்லை."

"அதை அடிச்சிடுங்கப்பா" என்றேன்.

"ஏன்? யாருக்கு என்ன ஆச்சு? ஒரு புகார் உண்டா?"

நான் அவர் காலைப் பார்த்தேன். வீக்கம் அன்றைக்கும் முழுவதும் வடியவில்லை. ஒரு கேள்வியைப் பத்து நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். இப்போது கேட்டேன். வீட்டுக்குள்ளேயே நான் இருக்கும்போது, ஒரு மாத்திரையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை?

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீ அவ்வளவு பெரிய வேலையில இருக்க. முட்டி வலின்னு ஒங்கிட்ட வந்து நிக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. அங்க ஒம் போட்டோ இருந்துச்சுல்லா. அதுக்குக் கீழ நின்னு வாங்குனா எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அப்பா என் பேனாவை வாங்கி, கடைசிப் பாராவின் மேல், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஒரு கோடு போட்டார்.